ஹெரால்டு காரின் சேஸிஸும் கஞ்சிக்கோட்டு சாண்ட் பிளாஸ்டிங் பட்டறையும்

கேரளத்தில் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையின் பின்பக்கச் சாலையில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்கும் லாரி பாடி கட்டும் கொட்டகைகளுக்கும் நடுவே உள்ள, அழுத்தக் காற்றில் துகள்களை வீசிப் பெயிண்டையும் துருவையும் உரிக்கும் ஒரு சாண்ட் பிளாஸ்டிங் பட்டறையில், கடந்த ஜனவரியில் எங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் சேஸிஸையும் பாடியையும் பெயிண்ட் உரிக்கக் கொடுத்து வாங்கினேன். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. சொல்ல வேண்டிய குறைகள் இரண்டு உண்டு. அவற்றை உரிமையாளரிடமே நேரில் சொல்லிவிட்டேன். சேஸிஸ், சஸ்பென்ஷன் கைகள், சக்கரங்கள் போன்ற கனமான இரும்பு உருப்படிகளை இவர்களிடம் தயங்காமல் கொடுக்கலாம். பானட், கதவு, கூரை போன்ற அகலத் தகடுகளைக் கொடுப்பதானால், துகள் பீய்ச்சும் நாசிலைப் பிடிக்கப்போகிறவர் யார் என்று விசாரித்துக்கொண்டு, அவர் வேலை செய்யும் நேரத்தில் பக்கத்திலேயே நிற்க முடிந்தால் மட்டும் கொடுக்கலாம். நான் நிற்காத ஒரு நாளில் என்ன நடந்தது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

வண்டி 1966-இல் பதிவானது, இரண்டு கதவு கொண்டது. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட ஹெரால்டின் வடிவம் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தது. அதையே சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 948 சிசி இன்ஜினோடு செய்து விற்றது. பொள்ளாச்சிப் பக்கம் என் மாமாவின் தென்னந்தோப்புச் சாளையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த வண்டி, அவர் காலத்துக்குப் பிறகு கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தது. மேலே ஓலையும் தேங்காய் மட்டையும் விழுந்துகொண்டிருந்தாலும் கூரை பெரிதாகக் கெடவில்லை. கீழே ஈரமண் பட்ட இடமெல்லாம் துருவேறியிருந்தது. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பாடியே வண்டியின் எலும்பு. தனிச் சேஸிஸ் கிடையாது. ஹெரால்டில் அப்படியல்ல. அடியில் தனிச் சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டிய பாடி, அந்தப் பாடியிலும் முன்பகுதி வேறு, பின்பகுதி வேறு, கூரை வேறு. போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தாலும், இரண்டு வாரப் பொறுமையும் டீசலும் இருந்தால் நான்கு பேர் தூக்கிப் பிரித்துவிடக்கூடிய வண்டி. பிளாஸ்டிங்கிற்குக் கொண்டுபோக இதைவிட வசதியான பழைய கார் நம் நாட்டில் குறைவு.

பெயிண்டை உரிக்க வேறு வழிகள் இல்லாமல் இல்லை. பெயிண்ட் ரிமூவரைத் தடவிச் சுரண்டலாம், கிரைண்டரில் கம்பிச் சக்கரம் போட்டுத் தேய்க்கலாம், ஹீட் கன்னால் சூடேற்றி எடுக்கலாம், உப்புத்தாளோடு உட்கார்ந்து மாதக்கணக்கில் தேய்க்கலாம். இவை எல்லாமே தட்டையான பரப்புக்குப் பொருந்துகிறவை. சேஸிஸின் மூலைகளிலும், அவுட்ரிகர் எனப்படும் பக்கக் கைகள் வந்து சேரும் இடுக்குகளிலும், பற்றவைத்த தையல்களின் ஓரத்திலும் இருக்கும் துருவை விரலோ சக்கரமோ எட்டாது. கம்பிச் சக்கரம் துருவை எடுப்பதைவிட அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும். பள்ளங்களுக்குள் கறுப்பாகத் துரு அப்படியே இருக்கும், அதன்மேல் அடித்த பெயிண்ட் இரண்டு மழைக்காலத்தில் கொப்புளித்துவிடும். துகள் பள்ளத்துக்குள்ளும் புகுந்து அடிப்பதால்தான் பிளாஸ்டிங்கிற்கு இத்தனை செலவு செய்கிறோம்.

பட்டறைக்கு முதன்முறை போனபோது உரிமையாளர் கேட்ட முதல் கேள்வியே எனக்கு நம்பிக்கை தந்தது. "சார், சேஸிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட் எடுத்து வெச்சிட்டீங்களா?" என்றார். ஆர்டிஓ அலுவலகத்தில் செய்வதுபோல எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் படியைத்தான் சொன்னார். துகள் வீச்சில் எண்ணின் விளிம்புகள் மழுங்கிவிட்டால், பிறகு பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியே வேறு வண்டி என்று சொல்லப்படும் நிலை வரலாம். நான் எடுத்திருந்தேன். அப்படியும் அவர் திருப்தியடையாமல், பழைய சைக்கிள் டியூபை வெட்டி எண்ணின்மேல் இரண்டு மடிப்பாக வைத்து, சுற்றிலும் டேப் ஒட்டச் சொன்னார். ரப்பரில் மோதும் துகள் உடைக்காமல் எகிறிவிடும் என்பதால் இரும்பு வெளுக்கும் இடத்திலும் டியூப் அப்படியே நிற்கும். வண்டியின் அடியில் தார் போலப் பூசியிருந்த அண்டர்கோட்டிங்கை நானே வீட்டில் சுரண்டிவிட்டு வர வேண்டும் என்று அவர் சொன்னதற்கும் இதே காரணம்தான். மிருதுவான பொருளைப் பிளாஸ்டிங் சீக்கிரம் எடுக்காது, நேரமும் துகளும் வீணாகும். அந்தச் சுரண்டல் எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது.

சாண்ட் பிளாஸ்டிங் என்று ஊரெல்லாம் சொன்னாலும், நல்ல பட்டறையில் சாண்ட் இருக்கக் கூடாது. பெஞ்சமின் டில்மன் என்ற அமெரிக்கர் 1870-இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது மணலைத்தான் வீசினார். ஆற்றுமணலிலும் கடல்மணலிலும் உள்ள சிலிக்கா நொறுங்கிப் பொடியாகி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரும் என்பது தெரிந்த பிறகு, பிரிட்டன் 1949-ஆம் ஆண்டின் விதிகளாலேயே தொழிற்சாலைகளில் மணல் வீச்சைத் தடுத்துவிட்டது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் சிலிக்கோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. இந்தப் பட்டறையில் பயன்படுத்துவது கார்னெட். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் செம்மணலாகக் கிடக்கும் அதே கனிமம்தான்; 2013-இல் தமிழ்நாடு அரசு கடற்கரை மணல் எடுப்பதற்குத் தடை விதித்ததிலிருந்து அதன் விலை பற்றி இந்தத் தொழிலில் இருப்பவர்கள் புலம்பாத நாளில்லை. சேஸிஸுக்கு 30-60 மெஷ் என்னும் சற்றே பெரிய துகள், பாடித் தகட்டுக்கு 80 மெஷ் என்னும் பொடித் துகள் என்று தனித்தனி மூட்டைகளாக வைத்திருந்தார்கள். ஒருமுறை வீசிய கார்னெட்டைச் சலித்து மறுபடி சேஸிஸுக்குப் பயன்படுத்துவதையும், பாடிக்குப் புது மூட்டை பிரிப்பதையும் நானே பார்த்தேன். இது சரியான முறை. எண்ணெய்ப் பிசுக்குள்ள ஏதோ ஒரு இயந்திரத்தில் அடித்த துகளை மறுபடி பாடியில் அடித்தால், அந்தப் பிசுக்கு தகட்டின் மேல் வந்து ஒட்டும்.

கோயம்புத்தூரில் வார்ப்பட ஆலைகளுக்கு வேலை செய்யும் ஓரிடத்தில் இதைவிடக் குறைந்த தொகைக்குச் செய்து தருவதாகச் சொன்னார்கள். அங்கே இருந்தது இரும்புக் குண்டுகளைச் சக்கரத்தால் விசிறி எறியும் ஷாட் பிளாஸ்டிங் அறை. மோட்டார் உறைக்கும் பம்ப் வார்ப்புக்கும் அது அருமையான இயந்திரம். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகட்டை அதற்குள் அனுப்பினால் திரும்பி வருவது காராக இருக்காது. வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கம்ப்ரஸர் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளாஸ்டிங் பட்டறையை எடைபோட அதைவிட நல்ல அடையாளம் வேறில்லை. கால் அங்குலத் துளையுள்ள நாசில் 100 பவுண்டு அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 கன அடி காற்றைக் குடிக்கும். டயர் கடையில் இருக்கும் கம்ப்ரஸரைக் கொண்டு இந்த வேலையைச் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பத்து நிமிடம் அடித்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பார் என்று பொருள். இங்கே டீசலில் ஓடும் பெரிய ஸ்க்ரூ கம்ப்ரஸர் வெளியே நின்றது. அதிலிருந்து வரும் காற்றைக் குளிரச் செய்து, நீரைப் பிரித்து, பிறகே துகள் நிரம்பிய ‘பாட்’ என்னும் கலத்துக்கு அனுப்பினார்கள். நீர் பிரிக்கும் உருளையின் அடித் திருகைத் திறந்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் காற்றோடு போயிருந்தால் கார்னெட் கட்டி பிடித்து நாசில் அடைத்திருக்கும், வெளுத்த இரும்பும் நம் கண்ணெதிரிலேயே மஞ்சளாகியிருக்கும்.

முதல் நாள் சேஸிஸ். நாசிலைப் பிடித்தவர் வேலந்தாவளம் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். தலையை முழுக்க மூடும், தனிக் குழாயில் மூச்சுக்காற்று வரும் ஹெல்மெட், தோள்வரை தோல் உறை, கையில் தடித்த ஹோஸ். ஒரு நீண்ட சீறல் கேட்டது. சேஸிஸின் பின்முனையில் கறுப்பும் காவியுமாக இருந்த இரும்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் பாதை விழுந்தது. அந்தச் சாம்பலைப் பளபளப்பு என்று சொல்ல முடியாது. வெயிலில் உலர்ந்த சுண்ணாம்புச் சுவரின் மங்கல் நிறம், விரலால் தொட்டால் பூனை நாக்கு போன்ற சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்புதான் பிரைமருக்குப் பிடி. ரசீதில் எஸ்ஏ 2½ என்று எழுதியிருந்தார்கள். ஐஎஸ்ஓ 8501-1 தரத்தில், லேசான கறை தவிர வேறெதுவும் எஞ்சாத நிலை அது. முழுச் சேஸிஸையும் நான் டார்ச் அடித்துப் பார்த்தேன், இடுக்குகள் உட்பட. குறை சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை. அவுட்ரிகர்களில் மூன்று ஊசித் துளைகள் போட்டதுபோல் தெரிந்ததும், அவர் காற்றை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு, ஒரு சிறிய ஸ்குரூடிரைவரால் குத்திக் காட்டினார். முழுசாக உள்ளே போனது. பெயிண்ட் இருந்தவரை உறுதியாகத் தெரிந்த கை அது. பிளாஸ்டிங் தகட்டைத் துளைத்துவிட்டது என்று சிலர் சண்டைக்குப் போவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். துளைத்தது துரு, பிளாஸ்டிங் அதை மூடியிருந்த துணியை விலக்கியது, அவ்வளவே.

அன்று மாலை நான்கு மணிக்குக் கதவுகளையும் தொடங்கிவிடலாமே என்று ஆசையில் கேட்டேன். "இப்பக் கையி நடுங்குதுங்ணா, டோர் நாளைக்குப் போடலாம்" என்று சொல்லி ஹோஸைச் சுருட்டிவிட்டார். அரை நாள் 90 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்திருந்த கைகள் அவை. எனக்கு அப்போது சற்று எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுநாள் அதே மனிதர் பாடியின் பின்பகுதியையும் கதவுகளையும் எடுத்துக்கொண்டார். அழுத்தத்தை 40 பவுண்டுக்குக் குறைத்தார், நாசிலைத் தகட்டிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் தள்ளிப் பிடித்தார், நேராக அடிக்காமல் சாய்வாக, துடைப்பத்தால் வாசல் கூட்டுவதுபோல் ஒரே வீச்சில் நகர்த்திக்கொண்டே போனார். எந்த இடத்திலும் நிற்கவில்லை. கதவின் வெளித்தகட்டில் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரங்களையும் உட்புறத்தையும் மட்டும் அடித்தார். நடுவில் பெயிண்டைத் தவிர எதுவும் இல்லை, அதை நீங்களே ரிமூவரில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். உரிந்த எல்லையில் வண்டியின் வயது அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலே மாமா அடித்த க்ரீம், அதன் கீழ் ரெட் ஆக்சைடு, அதற்கும் கீழே எனக்கே தெரியாத ஒரு வெளிர் பச்சை, அடியில் சாம்பல் பிரைமர்.

பின்சக்கர வளைவில் பள்ளம் நிரப்பப் பூசிய பட்டி கனமாக இருந்தது. கட்டிப் பட்டியையும் பிளாஸ்டிங் மெதுவாகத்தான் தின்னும். அவர் பாதியில் நிறுத்தி உளியால் தட்டச் சொன்னார். ஒரு விரல் தடிமனுள்ள பட்டி பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் ரிவெட் அடித்துப் பொருத்தியிருந்தது ஒரு வனஸ்பதி டப்பாவின் தகரம். மஞ்சள் பூச்சும் பனைமரப் படத்தின் பாதியும் அப்படியே இருந்தன. எந்த ஊர் டிங்கரோ, எந்தப் பண்டிகைக்கு முன்னாலோ, வெல்டிங் செட் இல்லாமல் வண்டியை ஓடவைத்திருக்கிறார். அந்தத் தகரத்தை மட்டும் அடிக்க வேண்டாம் என்று சொல்லிக் கழற்றி எடுத்துக்கொண்டேன். இப்போது என் மேசைமேல் இருக்கிறது.

மூன்றாம் நாள்தான் பானட். ஹெரால்டின் பானட் முன் மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு அப்படியே முன்னோக்கிக் கவிழும் பெரிய கூடு. அதன் மேல்தகடு அகலமானது, வளைவு குறைவானது. உட்புறத்தையும் மட்கார்டு விளிம்புகளையும் மட்டும் அடிப்பது, மேல்தகட்டைத் தொடுவதில்லை என்பது முதல் நாளே பேசிய பேச்சு. ஆனால் அந்தப் பேச்சு வேலைத் தாளில் ஏறவில்லை. தாளில் ‘பானட் - 1’ என்று மட்டும் இருந்தது. வேலந்தாவளத்துக்காரர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். எனக்குப் பாலக்காடு மாவட்டச் சித்தூரில் ஒரு பத்திரப்பதிவு வேலை. வழக்கமாகக் கட்டுமான இரும்புகளை அடிக்கும் வேறொருவர் நாசிலை எடுத்தார். பிற்பகல் நான் போய்ச் சேர்ந்தபோது பானட் முழுவதும் அழகாக, ஒரே சீராக வெளுத்திருந்தது. மேலே பெருவிரலை வைத்து அழுத்தினேன். எண்ணெய் டின்னின் அடிப்பக்கத்தை அழுத்தினால் வருமே, அதே ‘டொக்’. விரலை எடுத்ததும் மறுபடி ஒரு ‘டொக்’. ஓர் அடி ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்திப் பார்த்தால் நடுவில் முட்டிக்கொண்டு இரண்டு முனைகளிலும் ஊஞ்சலாடியது. ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. மேல்தகட்டுக்கு வயிறு தள்ளிவிட்டது.

"சூடு ஏறி வளைஞ்சிருக்குங்க" என்றார் அடித்தவர். இந்தத் தொழிலில் பரவலாக இருக்கும் நம்பிக்கை இது, பெரும்பாலும் தவறு. துகள் வீச்சில் தகடு கொஞ்சம் சூடாகும், கை பொறுக்க முடியாத அளவுக்குக் கூட அல்ல. வளைப்பது மோதல். ஒவ்வொரு துகளும் ஒரு நுண்ணிய சுத்தியல். லட்சக்கணக்கான அடி ஒரே பக்கத்தில் விழும்போது அந்தப் பக்கத்துத் தோல் விரியப் பார்க்கிறது, மறுபக்கம் விரியவில்லை, தகடு அடிபட்ட பக்கமாகப் புடைக்கிறது. சப்பாத்தி மாவை ஒரு பக்கம் மட்டும் தட்டினால் ஓரம் சுருளுவதுபோல. ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய ஜான் ஆல்மென் இதே விளைவை ஓர் அளவுகோலாகவே மாற்றினார்: மெல்லிய எஃகுப் பட்டையை ஒரு பக்கம் மட்டும் அடித்து, அது எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு வீச்சின் வலுவைக் கணக்கிடுவார்கள். அந்தப் பட்டையில் வேண்டுமென்று செய்வது, என் பானட்டில் வேண்டாமலே நடந்தது. அழுத்தமானியைப் பார்த்தேன், முள் 80-இல் நின்றிருந்தது. பொடித் துகள் போட்டிருந்தும் 80 பவுண்டு, நேருக்கு நேர் வீச்சு, பத்து அங்குலத் தொலைவு. வளையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

உரிமையாளர் மறுக்கவில்லை, மழுப்பவும் இல்லை. தாளில் எழுதாதது தம் தவறு என்று ஒப்புக்கொண்டு ரசீதில் 2,000 ரூபாய் குறைத்தார். பிறகு பாலக்காட்டில் ஒரு வயதான டிங்கரிங் மேஸ்திரியிடம் பானட்டைக் கொண்டுபோனேன். கேஸ் டார்ச்சின் நுனிச் சுடரால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடத்தைச் சிவக்கச் செய்து, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, ஈரச் சாக்கை வைத்துச் சட்டென்று குளிர வைத்தார். விரிந்த தகடு அந்தப் புள்ளியில் சுருங்கியது. இப்படி நாற்பது இடங்களுக்கு மேல், மூன்று நாள். கூலி 3,500 ரூபாய். இப்போது ‘டொக்’ சத்தம் இல்லை, ஆனால் வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் எனக்கு மட்டும் அந்த வயிறு தெரிகிறது. கணக்குப் பார்த்தால் 1,500 ரூபாய் என் கையிலிருந்து போனது. தவறில் என் பங்கும் அவ்வளவு இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வேலைத் தாளை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டவன் நான்.

வெளுத்த இரும்பைப் பிரைமர் இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் அது சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூக்கும். கை ரேகை பட்ட இடம் ரேகையாகவே துருப்பிடிக்கும். இந்தப் பட்டறையில் அடித்து முடித்த நான்கு மணி நேரத்துக்குள் எபாக்சி பிரைமர் அடித்துத் தருகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம். ரெட் ஆக்சைடு போதும், விலை பாதி என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டை பிடிப்பதில்லை. வெறும் இரும்பின்மேல் எபாக்சியின் பிடிப்பு வேறு, அதைத் தெரிந்துகொள்ள ஒரு மழைக்காலம் போதும். நான் ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்த ஈரமே காரணம். பாலக்காட்டுக் கணவாயில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். ஜூனில் இதே இடத்தில் நின்றால் சட்டையே காயாது. வறண்ட காற்றுக்கு ஒரு விலை உண்டு என்பது பிரைமர் அடித்த பிறகுதான் புரிந்தது. கொட்டகையின் கிழக்குப் பக்கத்துத் தார்ப்பாய் காற்றில் எகிறி, வலது கதவின் ஈரமான பிரைமரில் தொழிற்பேட்டைப் புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது. 400-ஆம் எண் உப்புத்தாளில் போய்விட்டது, பெரிய சேதமில்லை. கிழக்கே ஒரு சுவர் எழுப்ப அவர்களுக்கு இத்தனை நாள் தோன்றாதது ஏன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என் இரண்டாவது குறை பானட்டைவிடப் பெரியது. நாசிலைப் பிடித்தவருக்குக் காற்று வரும் ஹெல்மெட் இருந்தது. கீழே விழுந்த கார்னெட்டை வாரிச் சலித்துக்கொண்டிருந்த பையனின் மூக்கில் ஒரு துண்டு மட்டுமே இருந்தது. கார்னெட்டில் மணலைப்போலத் தனிச் சிலிக்கா இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவன் சலித்துக்கொண்டிருந்தது வெறும் கார்னெட் அல்ல, 1966-லிருந்து அந்த வண்டியின்மேல் ஏறிய பெயிண்டின் பொடியும் சேர்ந்தது, பழைய பெயிண்டுகளில் ஈயம் இருப்பது சாதாரணம். உரிமையாளரிடம் சொன்னபோது முகமூடி வாங்கிக் கொடுத்தால் போடுவதில்லை என்றார். நான்காம் நாள் பிரைமர் அடித்த பாடியை எடுக்கப் போனபோது பையன் ஃபில்டர் வைத்த முகமூடியோடுதான் நின்றான். அது எனக்காகப் போட்ட வேடமா, இனி என்றைக்குமா என்று தெரியாது. போகிறவர்கள் கண்ணைத் திறந்து பாருங்கள், பார்த்ததைச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் சொன்னால் கேட்கிற பட்டறை இது.

செலவு: சேஸிஸும் சஸ்பென்ஷன் உருப்படிகளும் 6,500, பாடியின் முன்பின் பகுதிகள், கதவுகள், பானட் எல்லாம் சேர்த்து 13,000, எபாக்சி பிரைமர் பொருளும் கூலியும் 8,500, ஆக 28,000, அதில் 2,000 கழிந்து 26,000. டாடா ஏஸ் வாடகை போகவர 3,600 தனி. இரண்டு நாள் என்று சொன்னது நான்கு நாளானது. பட்டறை வேலையில் இது தாமதக் கணக்கிலேயே வராது. வண்டி தமிழ்நாட்டுப் பதிவு என்பதால் ஆர்சி புத்தகத்தின் நகலையும் பென்சில் பிரிண்டையும் கையோடு வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருக்கிறது. சேஸிஸும் பாடியும் பெரிய மாற்றமில்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. சேஸிஸ் எண்ணின் நான்கு இலக்கங்களும் சைக்கிள் டியூபுக்கு அடியில் கூர்மையாகப் பிழைத்திருப்பதில் எனக்கு உள்ளபடியே நிம்மதி.

கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. மரைத் துளைகள் எல்லாவற்றிலும் பழைய போல்ட்டுகளை மாட்டிவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் மரை மழுங்கும். பேரிங், புஷ், பித்தளை, அலுமினியம் எதையும் விட்டுவைக்காமல் கழற்றிவிடுங்கள். எந்தத் தகட்டில் எந்த இடத்தைத் தொடக்கூடாது என்பதைத் தகட்டின்மேலேயே சாக்பீஸால் எழுதுங்கள், தாள் தொலையும். வீட்டுக்கு வந்த பிறகு சேஸிஸின் பெட்டிக் கம்பங்களைச் செங்குத்தாக நிறுத்தி ரப்பர் சுத்தியலால் தட்டிக் காற்றடித்து ஊதுங்கள். நான் பட்டறையிலேயே ஊதச் சொல்லித்தான் வாங்கிவந்தேன். மூன்று வாரம் கழித்துக் கொல்லையில் நிமிர்த்தித் தட்டியபோது இளஞ்சிவப்பாக ஒன்றரைப் படி கார்னெட் கொட்டியது. அதில் ஒரு கைப்பிடி இன்ஜினுக்குள்ளோ பிரேக்குக்குள்ளோ போயிருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, நண்பரின் ஜீப் சேஸிஸ் ஒன்றை இதே பட்டறைக்கு மார்ச்சில் கொண்டுபோகிறோம். வேலந்தாவளத்துக்காரர் இருக்கும் நாளைக் கேட்டுத்தான் தேதி வாங்கியிருக்கிறேன். ஹெரால்டின் கூரையை அங்கே கொண்டுபோகவே இல்லை. அது தாழ்வாரத்தில் இரண்டு பலாப்பலகைகளின் மேல் கிடக்கிறது. ரிமூவரும் சுரண்டியுமாக நானும் என் மகளும் இதுவரை பாதியைத் தாண்டியிருக்கிறோம்.